இது உங்கள் தீர்ப்பா?

கார் கழுவும் கூடத்துக்குள் வண்டி நுழைந்து, கண்ணாடி முழுக்க நுரை வழிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போன நேரத்தில்தான் மங்கையர்க்கரசியின் போனில் அந்தச் செய்தி வந்தது. அனுப்பியது, அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த மாவட்டமான ஹார்ட்வெல் கவுண்டியின் நீதிமன்றம்.

“ஜூரியாகப் பணியாற்றியதற்கு நன்றி. போலீஸ்காரரைத் தாக்கியதாக டெல்ராய் விட்கோம்ப் என்பவர்மீது அரசு தொடர்ந்த வழக்கில், நீங்களும் மற்ற பதினொரு பேரும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு: குற்றவாளி. உங்கள் கடமையுணர்வை இந்த மாநிலம் மதிக்கிறது.”

மங்கை எதையும் இரண்டு தரம் படிப்பவள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வருஷக்கணக்காகத் தேய்ந்தவள். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதே பிழைப்பு. இதையும் இரண்டு தரம் படித்தாள்.

“என்னங்க, நான் எப்ப ஜூரிக்குப் போனேன்?”

“நீ எங்க போனே? உன் பதிலி போயிருக்கும்” என்றார் தணிகைவேல், ஸ்டீயரிங்கை விடாமல். “வேலை மிச்சம். விடு.”

பதிலி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கோர்ட்டில் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதி இல்லை. அவர் விதிப்படி ஆட்டம் நடக்கிறதா என்று பார்ப்பவர், அவ்வளவுதான். அரசாங்கத்துக்காகப் பிராசிக்யூட்டர் குற்றம் சாட்டுவார், எதிர்ப்பக்க வக்கீல் மறுப்பார், கடைசியில் முடிவைச் சொல்வது ஊரிலிருந்து பிடித்து வந்த பன்னிரண்டு சாதாரண ஜனங்கள். அதுதான் ஜூரி. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவாகச் சொன்னால்தான் தண்டனை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் பிடிக்கவில்லை. முதுகுவலி, ஊரிலிருந்து மாமியார் வருகை, நாய்க்கு ஆபரேஷன் என்று ஆளுக்கொரு சாக்கு. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன மாநிலம் கடைசியில் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதிலி. நீங்கள் வாங்கியது, பார்த்தது, பேசியது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நீங்கள் எப்படி யோசிப்பீர்களோ அப்படி யோசிக்கும் ஒரு மென்பொருள். வழக்கை அது கேட்கும், மற்றப் பதிலிகளோடு விவாதிக்கும், ஓட்டுப் போடும். உங்கள் காபி ஆறுவதற்குள் ஒருவன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.

டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதே எல்லோரும் இதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். படிக்காமல் ‘சரி’ என்று விரல் வைப்பதில் உலகத்தார் எல்லோரும் ஒரே சாதி.

சில வருஷங்களாக எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. பதிலி எந்த வழக்கில் உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த மாதம்தான் யாரோ ஒரு நல்ல மனசுக்கார அதிகாரிக்கு, ஜனங்களுக்கு நன்றி சொன்னால் என்ன என்று தோன்றிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தணிகைவேல் கொத்தமல்லி வாங்கப் போனார். செய்தியின் அடியில் ‘உங்கள் பதிலியோடு பேச’ என்று ஒரு பொத்தான் இருந்தது. மங்கை அழுத்தினாள். திரையில் அவள் முகமே வந்தது. தலையைக் கொஞ்சம் ஒழுங்காக வாரியிருந்தது.

“சொல்லு மங்கை” என்றது, அவள் குரலில்.

“அந்த டெல்ராய் அடிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. போலீஸ்காரர் அடிச்சான்னாரு, அந்த ஆள் இல்லைன்னாரு. வேற சாட்சி கிடையாது.”

“அப்புறம் எப்படிக் குற்றவாளின்னே? அந்த ஆள் முகத்தையாவது பாத்தியா?”

“முகத்தை எங்களுக்குக் காட்டமாட்டாங்க. பாரபட்சம் வந்துடும்னு.” பதிலி தொடர்ந்தது. “எனக்குச் சந்தேகம் வந்துச்சு. உன்கிட்டேர்ந்து வந்த எல்லாத்தையும் பார்த்தா நீ சந்தேகப்படற ஆள்தான். பால் டப்பா தேதியக்கூட ரெண்டு தரம் பார்ப்பே. ஆனா போலீஸ் விஷயத்துல நீ ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து சொல்லியிருக்கே. சத்தியம் பண்ணிட்டுச் சொன்னது. சத்தியத்துக்கு முன்னாடி மத்தது எதுவும் நிக்காது. என்னை அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

“போலீஸ் காரணமில்லாம யாரையும் பிடிக்காது. அதான் சொன்னே.”

மங்கைக்கு நினைவு வந்தது. சொன்னது உண்மை. பதிலிகள் வருவதற்கு முன்பு ஒரு தடவை ஜூரித் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கு ஆரம்பிக்குமுன் வந்தவர்களை ஒவ்வொருவராகச் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார்கள். நடுநிலை இல்லாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் ஆட்களுக்கு இது போதாதா? தமிழ்ச் சங்கத் தலைவர் டாக்டர் பூவராகன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மந்திரம் போட்டிருந்தார். ‘போலீஸ் காரணமில்லாமல் யாரையும் பிடிக்காது என்று சொல்லுங்கள். அடுத்த நிமிஷம் வெளியே.’ கவுண்டியில் இருந்த தமிழர் அத்தனை பேரும் அதையே வார்த்தை மாறாமல் ஒப்பித்தார்கள். மங்கையும் ஒப்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாள்.

“அது சும்மா தப்பிக்கச் சொன்னதுடி!” என்று கத்தினாள். பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு அது தெரியாதே” என்றது பதிலி.

“இதுதான் முதல் கேஸா? இல்ல, இதுக்கு முன்னாடியும் போய் உக்காந்தியா?”

“அதை உனக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கோர்ட் கேட்டா சொல்லுவேன்.”

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கறுப்புக் கோட்டு, தோளில் ஒரு பெரிய பை, காலில் ஓடுவதற்கான ஷூ. மங்கையின் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

“அக்கா, நான் நிரோஷினி மரியநாயகம். டெல்ராய்ன்ர வக்கீல். கையில காசில்லாத ஆக்களுக்கு அரசாங்கச் செலவில வாதாடுறது நாங்கள்தான். பப்ளிக் டிஃபெண்டர்.”

தணிகைவேல் கதவை முழுக்கத் திறக்கவில்லை. “ஜூரிகிட்ட வக்கீல் பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்கேம்மா.”

“இருக்கு அண்ணா. ஆனா அரசாங்கம் சொல்லுற மாதிரிப் பார்த்தா ஜூரர் அக்கா இல்லை, அக்காவின்ர பதிலி. அக்கா ஆரோ ஒரு ஆள். ஆரோ ஒரு ஆளோட நான் தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கலாம்தானே?”

மங்கைக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. கதவைத் தானே திறந்தாள்.

“டெல்ராய் பார்சல் வான் ஓட்டுறவர்” என்றாள் நிரோஷினி. “சிக்னலில பொலிஸ்காரன் மறிச்சவன். பிறகு நடந்ததுக்கு ரெண்டு கதை இருக்கு. பொலிஸ்காரன்ர சட்டையில இருந்த கமெரா அண்டைக்கு வேலை செய்யேல்லையாம். அரசாங்கம் இவரோட பேரம் பேசினது. குற்றத்தை ஒப்புக்கொள், ஒரு வருசத்தில வெளியில வரலாம், இல்லாட்டி எட்டு வருசம் எண்டு. பதிலி ஜூரி வந்த பிறகு எல்லாரும் பயந்து அந்தப் பேரத்துக்குத்தான் போறவை. இவர் மாட்டன் எண்டிட்டார். செய்யாததைச் செய்தன் எண்டு என்ர வாயால சொல்ல மாட்டன் எண்டார்.”

“சரி, இப்ப நான் என்ன பண்ண முடியும்?”

“ஒரு பழைய விதி இருக்கு அக்கா. தீர்ப்பைப் பதியிறதுக்கு முன்னால ஒவ்வொரு ஜூரரையும் எழுப்பி, ‘இது உங்கள் தீர்ப்பா?’ எண்டு கேக்கச் சொல்லி நாங்கள் கோரலாம். ஒரு ஆள் இல்லை எண்டாலும் தீர்ப்பு நிக்காது. பதிலிச் சட்டம் எழுதினவை, பதிலி வழக்கைக் கேக்கலாம், விவாதிக்கலாம், வாக்குப் போடலாம் எண்டெல்லாம் எழுதினவை. எழும்பி நிண்டு பதில் சொல்லலாம் எண்டு எழுத மறந்திட்டினம். நீதிபதி என்ர மனுவை ஏற்றுக்கொண்டிட்டா. வியாழக்கிழமை உண்மையான பன்னிரண்டு பேரும் வரவேணும்.”

பெண் போனபிறகு தணிகைவேல் சமையலறைக்குள் போனார். பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினார். கடைசியில், “ஊர் வம்பு நமக்கெதுக்கு மங்கை? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா” என்றார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்ததுதாங்க இப்ப இந்த ஆள் கழுத்துல சுத்தியிருக்கு” என்றாள் அவள்.

வியாழக்கிழமை கோர்ட் நிரம்பியிருந்தது. கோர்ட் காவலரான பெய்லிஃப் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நீதிபதி ஹால்வர்சன் ஓய்வு பெறப்போகும் வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் யாரையும் பார்ப்பார். மூலையில் ஒரு பெண் சின்ன இயந்திரத்தில் சொல்லுக்குச் சொல் தட்டிப் பதிந்துகொண்டிருந்தாள்.

மங்கை டெல்ராயைப் பார்த்தாள். பெரிய உருவம். யாரிடமோ இரவல் வாங்கிய டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார், எல்லோருக்கும் தெரியும்படியாக.

“ஒன்றாம் ஜூரர், இது உங்கள் தீர்ப்பா?” என்று கிளார்க் கேட்டார்.

ஒன்றாம் ஜூரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார். இரண்டும் மூன்றும் அப்படியே. நான்காவதாக எழுந்தவர் நம் டாக்டர் பூவராகன். மங்கையின் பக்கம் திரும்பாமல், “ஆமாம், யுவர் ஹானர்” என்றார், சங்கத்து மேடையில் பேசும் அதே குரலில். ஐந்தும் ஆறும் ஆமாம்.

“ஏழாம் ஜூரர், இது உங்கள் தீர்ப்பா?”

“இல்லை.”

மூலையில் இருந்த பெண்ணின் விரல்கள்கூட ஒரு கணம் நின்றன. பிராசிக்யூட்டர் கார்மடி துள்ளி எழுந்தார். இளைஞர், அழகாகச் சவரம் செய்த முகம், அடுத்த தேர்தலில் ஒரு கண்.

“யுவர் ஹானர், இவருடைய பதிலி இவரோடு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருந்துகிறது!”

“மீதி மூணு நான்தான்” என்றாள் மங்கை ஆங்கிலத்தில். “எங்க ஆபீஸ்ல நூத்துக்கு மூணு தப்பு வந்தா அந்தப் புரோகிராமை வெளியே விடமாட்டோம். நீங்க அதை வச்சு ஆளை உள்ளே போடறீங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் அடக்கவும் இல்லை.

கார்மடிக்குக் காது சிவந்துவிட்டது. “ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும். அம்மையாரே, போலீஸ் காரணமில்லாமல் யாரையும் பிடிக்காது என்று இதே கட்டடத்தில் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னீர்கள். அது உண்மையென்றால் இந்தத் தீர்ப்பு உங்களுடையது. இல்லையென்றால் நீங்கள் சத்தியம் செய்து பொய் சொன்னவர். அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். எது?”

பார்வையாளர் வரிசையில் தணிகைவேல் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மங்கை அவரைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் இருந்தது. தன் முகத்தையும் குரலையும் எடுத்துப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறார்கள், அதற்குக் கல் எடுத்துக் கொடுத்தது தன் கை என்ற கோபம்.

“பொய்தான் சொன்னேன்” என்றாள்.

ஒருமனதான தீர்ப்பு இல்லை, இந்த விசாரணை செல்லாது என்று நீதிபதி அறிவித்தார். அரசாங்கத்துக்கு வேண்டுமானால் டெல்ராய்மீது மறுபடி முதலிலிருந்து வழக்கு நடத்திக்கொள்ளலாம். அதுவரை அவர் ஜாமீனில் வீட்டுக்குப் போகலாம். டெல்ராய் அப்போதும் கைகளை மேசையிலிருந்து எடுக்கவில்லை. நிரோஷினிதான் தொட்டு எழுப்பினாள்.

அந்த வாரமே மங்கைமீது பொய்ச் சத்தியக் குற்றம் பதிவானது. கார்மடி டிவியில் தோன்றி, ஜூரியின் புனிதத்தைக் கெடுத்தவரை விடமாட்டேன் என்றார். வாட்ஸ்அப் குழுவில் பூவராகன் ‘நம் சமூகத்துக்கே தலைகுனிவு’ என்று எழுதினார். பழைய மந்திரத்தை மட்டும் சத்தமில்லாமல் அழித்திருந்தார்.

இன்னும் கொஞ்ச நாள் போனது. திடீரென்று கார்மடியின் அலுவலகத்திலிருந்து ஒருவர் தேனொழுகப் பேசினார். வழக்கைக் கைவிடுகிறோம், தண்டனை கிண்டனை ஒன்றும் கிடையாது. அன்றைக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை, குழம்பிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

“கடவுள் கண்ணைத் தொறந்துட்டான்” என்றார் தணிகைவேல்.

“எனக்கா இங்கிலீஷ் புரியல?” என்றாள் மங்கை. பிறகு வழக்கம்போல இரண்டாம் தரம் யோசித்தாள். “ஏங்க, போன வாரம் என்னை ஜெயிலுக்கு அனுப்பறேன்னவன் இந்த வாரம் ஏன் கெஞ்சறான்?”

அவளுக்கே விடை கிடைத்தது. “குழப்பம்னா அது ஒரு நாள் சமாச்சாரம், அதோட போயிடும். நான் பொய் சொன்னேன்னு கோர்ட்டே தீர்மானிச்சுட்டா, என் பதிலியே பொய்யில முளைச்சதுன்னு ஆகும். அடித்தளத்துல பிழைன்னா அதுக்கு மேல ஓடின ஒவ்வொண்ணையும் திரும்பப் பார்க்கணும். அது உக்காந்த ஒவ்வொரு கேஸையும். நான் மட்டும் இல்லைங்க. அதே வரியை ஒப்பிச்ச அத்தனை தமிழனோட பதிலியும்.”

நிரோஷினியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“நீங்கள் நினைக்கிறது சரி அக்கா” என்றாள் நிரோஷினி. “ஆனா டெல்ராய்ன்ர வக்கீலா இருந்துகொண்டு உங்களுக்கும் நான் நிக்க ஏலாது. வேற வக்கீலைப் பாருங்கோ. ஆரெண்டாலும் அந்தப் பேரத்தை எடுக்கத்தான் சொல்லுவினம். நானும் அதைத்தான் சொல்லுவன். உள்ளுக்குப் போறது விளையாட்டில்லை.”

“செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்ல எனக்கெதுக்கும்மா வக்கீல்?”

அன்று தணிகைவேல் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். இந்த நாட்டில் நிலைக்க எத்தனை வரிசையில் நின்றோம், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினோம், எவனோ ஒரு வேன் டிரைவருக்காக எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கிறாயே என்று கத்தினார். கத்தி முடித்ததும் குரல் உடைந்தது. “நீ உள்ள போயிட்டா நான் என்ன மங்கை பண்ணுவேன்?”

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு” என்றாள் அவள். “ஆனா என் குரல்ல இன்னொருத்தனைக் குற்றவாளின்னு சொன்னது இன்னும் காதுல கேக்குது. நீங்க காரை மட்டும் ஓட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

குற்றச்சாட்டைப் படிக்கும் நாள் வந்தது. முதலில் கிளார்க் குற்றத்தைப் படிப்பார். பிறகு நீதிபதி, ஒப்புக்கொள்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்பார். அவ்வளவுதான் அன்றைய வேலை. தணிகைவேல் ஓர வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் டெல்ராய், இந்தத் தடவை டை இல்லாமல். ‘சமூகத்தின் சார்பில்’ பூவராகனும் வந்திருந்தார், நடந்ததைக் குழுவில் எழுத வேண்டுமே.

கிளார்க் படித்து முடித்த மறுகணமே கார்மடி எழுந்தார். “யுவர் ஹானர், அரசாங்கம் இந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள—”

“உட்காருங்கள் கார்மடி” என்றார் ஹால்வர்சன். “படித்த குற்றத்துக்கு முதலில் பதில் வரட்டும். உங்கள் முறை அப்புறம்.” மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மங்கையைப் பார்த்தார். “என்ன சொல்கிறீர்கள்?”

“கில்டி, யுவர் ஹானர்.”

“யாராவது மிரட்டினார்களா? ஏதாவது தருவதாகச் சொன்னார்களா?”

“சொன்னாங்க. இங்கிலீஷ் புரியலைன்னு எழுதிக் கொடுத்தா விட்டுடறோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்.”

மூலையில் இயந்திரம் தட்டும் சத்தம் கேட்டது. கார்மடி இன்னும் பாதி எழுந்த நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். குற்றம் சாட்டியவரே குற்றத்தை நிரூபிக்க வேண்டாமென்று தவித்ததை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்திருக்காது. நுணலும் தன் வாயால் கெடும். இந்தத் தவளைக்குக் கோட்டும் சூட்டும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீதிபதி யோசித்தார். பிறகு, “ஒப்புதலை ஏற்கிறேன். தண்டனை வேறொரு நாள்” என்றார். “அதற்குமுன் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம். அது உங்கள் உரிமை.”

“சொல்ல ஒண்ணும் இல்லை. கேக்கத்தான் இருக்கு. என் பதிலி இதுவரைக்கும் எந்தெந்தக் கேஸ்ல உக்காந்துச்சு? கோர்ட் கேட்டா சொல்லுவேன்னு அது எங்கிட்ட சொல்லியிருக்கு. கேளுங்க, யுவர் ஹானர்.”

கார்மடி ஆட்சேபிக்கிறேன் என்றார். எதை என்று நீதிபதி கேட்டார். கார்மடி காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

சுவரில் இருந்த பெரிய திரை விழித்தது. மங்கையின் முகம், ஒழுங்காக வாரிய தலையோடு. நீதிபதி கேள்வியைக் கேட்டார். பதிலி மங்கையைப் பார்த்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. பிறகு அவள் குரலில் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது.

முதல் சில பெயர்களுக்கு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறமும் அது நிறுத்தவில்லை. பின்வரிசையில் வேறு ஏதோ வேலையாக வந்திருந்த ஒரு பெண், ஒரு பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். அவளை உட்காரச் சொல்ல பெய்லிஃபுக்கு மனம் வரவில்லை. மங்கையும் நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொரு பெயரும் அவள் குரலில் வந்தது, ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் பூவராகன் கோட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நழுவினார். வழியில் ஒரு கை குறுக்கே நீண்டது. தணிகைவேலின் கை, ஊர் வம்பு நமக்கெதுக்கு என்ற அதே மனிதருடையது.

“உக்காருங்க டாக்டர்” என்றார் மெதுவாக. “அடுத்தது உங்க பதிலிதான்.”